வேலூர்த் தண்ணீரில் கொம்புச்சாவும் இஞ்சி பீரும்: புளிக்க வைக்கும் முன் தண்ணீரைத் தயார் செய்வது எப்படி?

வேலூரில் குழாயைத் திறந்தால் வருவது எப்போதும் ஒரே தண்ணீர் அல்ல. ஒரு நாள் மேட்டூர் பக்கமிருந்து வரும் காவிரிக் கூட்டுக் குடிநீர். இன்னொரு நாள் பாலாற்று மணலில் தோண்டிய கிணற்றிலிருந்து வரும் நீர். கோடை முற்றினால் போர் தண்ணி, அதுவும் இறங்கிவிட்டால் லாரித் தண்ணி. சத்துவாச்சாரியோ காட்பாடியோ, பல வீடுகளில் இவை எல்லாமே சம்ப்பில் ஒன்றாகக் கலந்துதான் மாடி டேங்குக்கு ஏறுகின்றன. குளிக்கவும் துவைக்கவும் இது பெரிய விஷயமில்லை. ஆனால் கொம்புச்சாவோ (சர்க்கரை போட்ட தேநீரைப் புளிக்க வைத்துச் செய்யும் பானம்) இஞ்சி பீரோ வீட்டில் புளிக்க வைக்கத் தொடங்குகிறீர்கள் என்றால், முதலில் பார்க்க வேண்டியது இந்தத் தண்ணீரைத்தான். போன முறை நன்றாக வந்தது இந்த முறை மருந்து வாடை அடித்தால், அல்லது ஒரு வாரமாகியும் புளிக்காமல் கிடந்தால், இஞ்சியையும் தேயிலையையும் குறை சொல்வதற்கு முன் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள்.

பீர் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சுவது அதன்படி குற்றம். எனவே இந்தக் கட்டுரை இஞ்சி பீர், கொம்புச்சா போன்ற மது நோக்கமில்லாத பானங்களுக்கானது. ஆனால் தண்ணீர் விஷயத்தில் பீர் காய்ச்சுபவர்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. செக் நாட்டின் பில்சன் நகரத்துத் தண்ணீரில் உப்புகள் மிகக் குறைவு. அதனால் அங்கே வெளிறிய, மென்மையான பீர் பிறந்தது. டப்ளின் தண்ணீரில் காரத்தன்மை அதிகம். வறுத்து கருத்த தானியத்தில் இருக்கும் அமிலம் அந்தக் காரத்தை ஈடுகட்டியதால், அந்த ஊருக்குக் கறுப்பு பீர் பொருந்திப்போனது. அமிலத்தன்மையைச் சொல்லும் பிஎச் அளவுகோலையே (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 1909இல் சோரன்சன் வகுத்தது கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் நிறுவனத்தின் ஆய்வகத்தில்தான். தண்ணீருக்கு ஏற்ற பானம், அல்லது பானத்துக்கு ஏற்றபடி மாற்றிய தண்ணீர்: அவர்கள் செய்தது இந்த இரண்டில் ஒன்றைத்தான். நமக்கும் அதுவேதான் வேலை.

இன்றைக்கு எந்தத் தண்ணீர்?

கருவி எதுவும் வாங்காமலே பாதி விஷயம் தெரிந்துகொள்ளலாம். துவரம்பருப்பு வேக நேரம் எடுக்கிறதா? சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் போகிறதா? வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு கட்டுகிறதா? இதற்கெல்லாம் ஆமாம் என்றால் கடினத் தண்ணீர். வாயில் ஊற்றிப் பார்த்தால் உப்புக் கரிக்கிறதா என்பது தனிக் கேள்வி. கடினத்தன்மையும் உப்புச் சுவையும் சேர்ந்தே வர வேண்டும் என்று கட்டாயமில்லை. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது முக்கியம். ஏன் என்று கீழே தெரியும்.

இன்னொரு சோதனையும் எளிது, எனக்கு மிகவும் பிடித்தது. பால் விடாத கட்டன் டீ ஒரு டம்ளர் போட்டு, அசைக்காமல் பத்து நிமிடம் வையுங்கள். மேலே பழுப்பாக, மினுமினுக்கும் ஆடை படர்ந்தால் அந்தத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் பைகார்பனேட்டும் அதிகம் என்று பொருள். அதே டீயில் தொடக்கத்திலேயே சில சொட்டு எலுமிச்சை பிழிந்து பாருங்கள், ஆடை வராது. அமிலம் பைகார்பனேட்டை முறித்துவிடுகிறது. கொம்புச்சா போடுபவர்களுக்கு இந்த ஒரு டம்ளர் டீ நிறையச் சொல்லிவிடும்.

டிடிஎஸ் மீட்டர் இப்போது பல வீடுகளில் இருக்கிறது. அது காட்டும் எண்ணை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். தண்ணீரில் கரைந்த உப்புகளின் மொத்தத்தைத்தான் அது தோராயமாகச் சொல்லும். எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. 500 என்று காட்டும் இரண்டு தண்ணீரில் ஒன்று கொதிக்க வைத்தால் சரியாகிவிடும், இன்னொன்று எவ்வளவு கொதித்தாலும் சரியாகாது. நமக்கு உண்மையில் வேண்டிய எண் காரத்தன்மை. அதாவது, தண்ணீர் எவ்வளவு அமிலத்தை விழுங்கும் என்ற அளவு. வண்ண மீன் கடைகளில் 'கேஎச்' சோதனை மருந்து என்று கேட்டால் கிடைக்கும். சிறு குழாயில் தண்ணீர் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும்வரை எண்ண வேண்டும். பெரும்பாலான பெட்டிகளில் ஒரு சொட்டு ஒரு டிகிரி. ஒரு டிகிரி என்றால் லிட்டருக்கு சுமார் 18 மில்லிகிராம். பத்துச் சொட்டு விழுந்தால் காரத்தன்மை 180 என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர் வரையறையில் (ஐஎஸ் 10500) காரத்தன்மைக்கு ஏற்கத்தக்க அளவு 200. வேறு நீர் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு. குடிக்க 600 வரை விடலாம் என்பதால் புளிக்க வைக்கவும் அது ஒத்துவரும் என்று நினைக்கக் கூடாது. என் கணக்கில் 100க்குக் கீழ் இருந்தால் நிம்மதி, 150 வரை சமாளிக்கலாம், அதற்கு மேல் போனால் கட்டாயம் ஏதாவது செய்ய வேண்டும்.

போர் தண்ணீரை நம்பி இருப்பவர்கள் ஒரு முறையாவது ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். முக்கியமாக ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கத்துக்காரர்களுக்குச் சொல்கிறேன். தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் எந்த அளவுக்குக் கெடுத்தது என்பது 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன விஷயம். குரோமியமோ நைட்ரேட்டோ ஃபுளோரைடோ கலந்த தண்ணீரை நாம் கீழே சொல்லும் எந்தச் சமையலறை வேலையும் சுத்தம் செய்யாது. கொதிக்க வைத்தால் ஆவியாகும் அளவுக்குத் தண்ணீர் குறைந்து, அவற்றின் அடர்த்தி கூடத்தான் செய்யும். அப்படிப்பட்ட போர் நீரைப் பானத்துக்குத் தொடவே வேண்டாம். ஆர்ஓ தண்ணீருக்குப் போய்விடுங்கள்.

குளோரினை வெளியேற்றுவது

குழாய்த் தண்ணீரில் ப்ளீச்சிங் பவுடரோ குளோரின் வாயுவோ கலப்பது கிருமியைக் கொல்ல. அது நல்லதுதான், தேவையானதும்கூட. வீட்டுக் குழாய்க்கு வரும்போது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பதே விதி. ஆனால் நமக்கு வேண்டியது உயிருள்ள ஈஸ்டும் பாக்டீரியாவும். குளோரின் அவற்றைத் தளர்த்திவிடும். அதைவிடப் பெரிய சங்கடம் சுவையில் வரும். தேயிலையிலும் இஞ்சியிலும் பீனால் வகைப் பொருட்கள் உண்டு. குளோரின் அவற்றோடு சேர்ந்து குளோரோபீனால் ஆனால், ஆஸ்பத்திரி பேண்டேஜ் போன்ற ஒரு வாடை வரும். நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே நாக்குக்குத் தெரிந்துவிடும். ஒரு முறை உருவாகிவிட்டால் அதைப் போக்க வழியே இல்லை. அதனால்தான் தண்ணீரில் எதையும் சேர்ப்பதற்கு முன்பே குளோரினை எடுத்துவிட வேண்டும் என்கிறேன்.

எளிய வழி, அகன்ற பாத்திரத்தில் பிடித்து ஒரு ராத்திரி வைப்பது. குடத்தில் வைத்தால் வாய் குறுகலாக இருப்பதால் மெதுவாகத்தான் போகும். அகன்ற அண்டா அல்லது பேசின் நல்லது. மேலே மெல்லிய பருத்தித் துணியை இழுத்துக் கட்டுங்கள். காற்றுப் போக வேண்டும், ஆனால் கொசு இறங்கக் கூடாது. டெங்கு கொசு முட்டையிடுவது இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான். அவசரம் என்றால் மூடாமல் கால் மணி நேரம் நன்றாகக் கொதிக்க விடுங்கள். குளோரின் போய்விடும்.

சில சமயம் ராத்திரி முழுக்க வைத்தும் வாடை போகாது. தண்ணீரில் அம்மோனியா இருந்தால், குளோரின் அதோடு சேர்ந்து குளோரமின் ஆகிவிடுகிறது. இது காற்றில் சுலபமாகப் பறக்காது, கொதித்தாலும் மெல்லத்தான் குறையும். இதற்குக் கைகண்ட மருந்து வைட்டமின் சி. இரண்டு வகைக் குளோரினையும் உடனே முறித்துவிடும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஆரஞ்சுச் சுவை மாத்திரை வேண்டாம், அதில் சர்க்கரையும் நிறமும் இருக்கும். சுவை சேர்க்காத அஸ்கார்பிக் அமிலப் பொடி வாங்குங்கள். கால் தேக்கரண்டி பொடி ஏறக்குறைய ஒரு கிராம். அதை 200 மில்லி தண்ணீரில் கரைத்தால், ஒரு மில்லியில் 5 மில்லிகிராம் இருக்கும். ஒரு பங்கு குளோரினுக்கு இரண்டரைப் பங்கு வைட்டமின் சி தேவை. எனவே லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் உள்ள 10 லிட்டர் தண்ணீருக்கு, இந்தக் கரைசலில் 5 மில்லி போதும். வாடை பலமாக அடிக்கும் நாளில் 10 மில்லி விடுங்கள். இந்த அளவில் கொஞ்சம் கூடிப்போனாலும் சுவை கெடாது. கரைசலை அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும். வைத்திருந்தால் வீரியம் போய்விடும்.

பீர் காய்ச்சுபவர்கள் இதே வேலைக்குப் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் மாத்திரை பயன்படுத்துகிறார்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் அந்தப் பொருளுக்குப் போகாதீர்கள். சல்ஃபைட் சிலருக்கு மூச்சுத் திணறலைக் கிளப்பும். நமக்கு வைட்டமின் சி-யே போதும்.

காரத்தைக் குறைப்பது

புதிதாகத் தொடங்குபவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். கொம்புச்சாவைக் காப்பாற்றுவது அமிலம். பழைய கொம்புச்சாவிலிருந்து எடுத்த உறையைச் சேர்த்ததும் பிஎச் 4.5க்குக் கீழே இறங்கிவிட வேண்டும். அப்போதுதான் பூஞ்சை தலைகாட்டாது. காரத்தன்மை அதிகமுள்ள தண்ணீர் அந்த அமிலத்தை விழுங்கிவிடும். பிஎச் இறங்காமல் ஐந்தில் நின்றால், நம் ஊர் வெக்கையில் பூஞ்சைக்கு அதுவே போதுமான அவகாசம். ஆக, காரத்தைக் குறைப்பது சுவைக்காக மட்டுமல்ல, பாதுகாப்புக்காகவும்தான்.

முதல் வழி கொதிக்க வைப்பது. கால்சியமும் பைகார்பனேட்டும் சேர்ந்திருக்கும் தண்ணீருக்கு இது அருமையாக வேலை செய்யும்.

1. எவர்சில்வர் பாத்திரத்தில் முக்கால் பாகம் ஊற்றி, மூடாமல், தளதளவென்று 15 முதல் 20 நிமிடம் கொதிக்க விடுங்கள். கரியமில வாயு வெளியேறினால்தான் சுண்ணாம்பு பிரிந்து படியும். மூடி போட்டால் வேலை பாதியில் நிற்கும்.
2. இறக்கி, அசைக்காமல் ராத்திரி முழுக்க ஆற விடுங்கள். இப்போது துணி மட்டும் போட்டு மூடினால் போதும்.
3. காலையில் அடியில் வெள்ளை மாவு போலப் படிந்திருக்கும். மேல் தண்ணீரை மட்டும் மெல்லச் சாய்த்து வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். அடியில் இரண்டு விரற்கடை தண்ணீரை விட்டுவிடுங்கள். அதைச் செடிக்கு ஊற்றலாம்.

குளோரினும் இதிலேயே போய்விடுவதால் ஒரே வேலையில் இரண்டு பலன். கேஎச் மருந்தைக் கொண்டு மறுபடி சோதித்துப் பாருங்கள். 250இல் இருந்தது 80க்கு இறங்கியிருந்தால் உங்கள் தண்ணீர் கொதிக்க வைத்தால் திருந்தும் ரகம். எவ்வளவு கொதித்தாலும் 50க்குக் கீழே போகாது, போகவும் வேண்டாம். அதுவே இறங்காமல் அப்படியே நின்றால், அந்தப் பைகார்பனேட்டோடு இருப்பது கால்சியம் அல்ல, அநேகமாகச் சோடியம். உப்புக் கரிக்கும் போர் தண்ணீரில் பெரும்பாலும் இதுதான் நடக்கும். அதற்கு மேல் கேஸைச் செலவழிக்காதீர்கள். கலப்பதற்குப் போய்விடுங்கள்.

வீட்டு வாசலில் வாட்டர் சாஃப்ட்னர் போட்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தைத் தருகிறது. காரத்தன்மை அப்படியே இருக்கும். வாஷிங் மெஷினுக்கு நல்லது, பானத்துக்குச் சரிவராது. சாஃப்ட்னருக்கு முன்னால் உள்ள குழாயிலிருந்து பிடியுங்கள். அதேபோல் படிகாரமும் தேத்தாங்கொட்டையும் கலங்கலைத் தெளியவைக்கும் பொருட்கள். தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்தாலும் கடினத்தன்மை குறைந்ததாக அர்த்தமில்லை.

ஆர்ஓ தண்ணீரோடு கலப்பது

ஆர்ஓ கருவி கரைந்த உப்புகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வடிகட்டிவிடும். அதன் முன்னால் இருக்கும் கரி வடிகட்டி குளோரினையும் பிடித்துவிடும். கருவியில் டிடிஎஸ் திருகு இருந்தால் அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சுவைக்காக வடிகட்டாத தண்ணீரை அதன் வழியே கொஞ்சம் திரும்பக் கலந்துவிடுவார்கள். கேன் தண்ணீரும் பெரும்பாலும் ஆர்ஓதான். ஆனால் ஒவ்வொரு நிலையமும் ஒவ்வொரு மாதிரி. கேஎச் சொட்டு போட்டுப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

கலக்கும் கணக்கு எளிது. போர் தண்ணீரின் காரத்தன்மை 300, ஆர்ஓ தண்ணீரில் 20 என்று வையுங்கள். 10 லிட்டர் வேண்டும். 3 லிட்டர் போர் தண்ணீர், 7 லிட்டர் ஆர்ஓ. மூன்று முந்நூறு தொள்ளாயிரம், ஏழிருபது நூற்று நாற்பது, மொத்தம் 1040. பத்தால் வகுத்தால் 104. இந்தக் கலவையில் கொஞ்சம் கால்சியமும் மிஞ்சும், காரமும் அடங்கும். போர் தண்ணீர் பங்குக்கு மட்டும் வைட்டமின் சி விட்டுக்கொள்ளுங்கள், அதில் குளோரின் கலந்திருந்தால்.

வெறும் ஆர்ஓ தண்ணீரிலேயே செய்யலாமா? கொம்புச்சாவுக்கும் இஞ்சிக்கும் தாராளமாகச் செய்யலாம். தேயிலையும் இஞ்சியும் தங்கள் பங்குக்குத் தாது உப்புகளைத் தந்துவிடும். பீர் காய்ச்சுபவர்கள் லிட்டருக்கு 50 மில்லிகிராமாவது கால்சியம் வேண்டும் என்று ஆர்ஓ தண்ணீரில் ஜிப்சம் சேர்ப்பார்கள். அதைப் படித்துவிட்டு, நம் பக்கம் நிலக்கடலைக்கு மண் அணைக்கும்போது போடுகிற ஜிப்சத்தை எடுத்து யாரும் தண்ணீரில் கலக்கிவிட வேண்டாம். அது வயலுக்கானது, உணவுத் தரம் கிடையாது.

ஆர்ஓ வசதியும் இல்லை, கொதிக்க வைத்தும் 150இல் நிற்கிறது என்றால், எலுமிச்சை இருக்கிறது. 150 காரத்தன்மை உள்ள ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு ஏறக்குறைய ஈடாகும். இஞ்சி பீருக்கு எப்படியும் எலுமிச்சை சேரும் என்பதால் இது இயல்பாகவே பொருந்தும். கொம்புச்சாவுக்கு எலுமிச்சையைவிடப் பழைய உறையைக் கூட்டுவது நல்லது. வழக்கமாகப் பத்தில் ஒரு பங்கு உறை விடுபவர்கள், இந்தத் தண்ணீருக்கு ஐந்தில் ஒரு பங்கு விடுங்கள். எதுவானாலும் பிஎச் தாளை நனைத்துப் பார்க்காமல் ஜாடியை மூடாதீர்கள்.

தயாரான தண்ணீரில் முதல் இஞ்சி பீர்

புதியவர்கள் கொம்புச்சாவைவிட இஞ்சி பீரில் தொடங்குவது எளிது. சீராக்கிய தண்ணீர் ஒரு டம்ளர், தோலோடு நறுக்கிய இஞ்சி ஒரு மேசைக்கரண்டி, சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி. கண்ணாடி ஜாடியில் போட்டுத் துணியால் மூடி, தினமும் அதே அளவு இஞ்சியும் சர்க்கரையும் சேர்த்துக் கலக்கி வாருங்கள். இஞ்சித் தோலில் இருக்கும் ஈஸ்டும் பாக்டீரியாவும்தான் இங்கே வேலைக்காரர்கள். அதனால் தோலைச் சீவ வேண்டாம், மண் போகக் கழுவினால் போதும். வேலூர்ச் சூட்டில் இரண்டு மூன்று நாளிலேயே நுரை கிளம்பும். இதுதான் இஞ்சி உறை. நான்கைந்து நாளாகியும் குமிழியே இல்லை என்றால், முதல் சந்தேகம் குளோரின் மீது.

உறை தயாரானதும், 2 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் இஞ்சியைத் தட்டிப் போட்டுக் கால் மணி நேரம் கொதிக்க வைத்து, 150 கிராம் சர்க்கரை கரைத்து ஆற விடுங்கள். கை பொறுக்கும் சூடுகூட இருக்கக் கூடாது. நன்றாக ஆறிய பிறகு இரண்டு எலுமிச்சை பிழிந்து, வடிகட்டிய உறை அரை டம்ளர் விட்டுக் கலக்குங்கள். கழுவிய பழைய சோடா பிளாஸ்டிக் பாட்டில்களில், மேலே மூன்று விரற்கடை இடம் விட்டு ஊற்றி மூடுங்கள். கண்ணாடி பாட்டில் கூடவே கூடாது, வாயு அழுத்தத்தில் வெடித்துக் கண்ணுக்கும் கைக்கும் ஆபத்தாகிவிடும். செம்பு, பித்தளைப் பாத்திரங்களும் வேண்டாம். அமிலம் உலோகத்தைக் கரைத்துவிடும்.

காலையிலும் மாலையிலும் பாட்டிலை அழுத்திப் பாருங்கள். கடையில் வாங்கிய சோடா பாட்டில் போலக் கெட்டியானதும் உடனே ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். மே மாதத்தில் ஒரே நாளில் அந்த நிலை வந்துவிடலாம், மார்கழியில் மூன்று நாள் ஆகலாம். வெளியே விட்டால் வாயு கூடும், மதுச் சத்தும் கூடும். எந்தப் புளித்த பானத்திலும் அது கொஞ்சம் இருக்கவே செய்யும் என்பதால், சின்னக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதைக் கொடுக்க வேண்டாம். ஃபிரிட்ஜில் வைத்ததை ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். திறக்கும்போது ஒரேயடியாகத் திருகாமல், வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுத் திறங்கள்.

பாட்டிலில் ஒரு காகிதம் ஒட்டி, அன்றைக்கு எந்தத் தண்ணீர், கேஎச் எத்தனை சொட்டு, வைட்டமின் சி எவ்வளவு விட்டீர்கள் என்று எழுதி வையுங்கள். அடுத்த வாரம் சம்ப்பில் வேறு தண்ணீர் இறங்கியிருக்கும். அன்றைக்கு என்ன மாற்ற வேண்டும் என்று அந்தக் காகிதத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.